பெரட்டில் இல்லாத பேர்

காலை ஐந்தரை ஆனால் போதும், முருகையா பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு அடுப்படிப் படியில் வந்து நின்றுவிடுவார். இடுப்பில் சாரோங், மேலே பித்தான் மாற்றிப் போட்ட சட்டை, கையில் மகள் சந்திரிகாவின் பழைய பள்ளிக்கூட நோட்டு. எதிரே இரண்டு வாழை, ஒரு கோழிக்கூடு, துணி காயும் கம்பி. அவற்றைப் பார்த்து ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுப் பெரட்டு எடுக்கத் தொடங்குவார்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விடியும் முன்பே ஆட்கள் எல்லோரும் ஆபீஸ் முன்னால் வந்து கூட வேண்டும். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். வந்தவர் ‘வந்துட்டேங்க’ என்று குரல் கொடுத்தால் புத்தகத்தில் பேருக்கு நேரே ஒரு கோடு விழும். கோடு விழாதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் முருகையா இருபத்தெட்டு வருஷம் பால்வெட்டு ஆட்களுக்கு மண்டோராக இருந்தவர். எழுபத்தொன்பதாம் வருஷம் ஓய்வு கொடுத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். புக்கிட் ரோத்தானிலேயே ஒரு சின்ன வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் சாவியை மறந்தார், வீட்டை மறந்தார், கடைசியில் பெண்சாதியையும் மறந்தார். கோலசிலாங்கூரில் பார்த்த டாக்டர், மூளை தேய்ந்துகொண்டு போகிறது, இதற்கு மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரையே மறந்தும் பெரட்டை மட்டும் அவர் மறக்கவில்லை.

வாழை மரம் பதில் சொல்லாது. ஆகவே அவர் பெண்சாதி லீலாவதிதான் சொல்ல வேண்டியிருந்தது.

“அன்னம்மா.”

“வந்துட்டேங்க,” என்பாள் லீலாவதி, கீச்சுக் குரலில்.

“அப்பளசாமி.”

“வந்தேனுங்க மண்டோரே.” இதற்குத் தொண்டையைக் கட்டைக் குரலாக்கிக்கொள்ள வேண்டும். அப்பளசாமி கள்ளுக்கடையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆகவே கடைசியில் ஒரு ஏப்பமும் சேர்த்துக்கொள்வாள். முருகையா நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, “காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா,” என்று முறைப்பார். லீலாவதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். ஆளைக் குளிப்பாட்டி, ஊட்டி, நனைத்த துணியைத் துவைத்து, வெளியே ஓடிவிடாமல் கேட்டைப் பூட்டி, இப்படியே போகும் ஒரு நாளில் அவளுக்குக் கிடைத்த சிரிப்பு அந்தக் கால் மணி நேரம்தான்.

அந்தச் சிரிப்பும் ஒரு பேர் வரைக்கும்தான் தாங்கும்.

“புஷ்பவள்ளி.”

அந்தப் பேருக்கு முன்னால் முருகையா கொஞ்சம் நிறுத்துவார். குரலும் இறங்கும். லீலாவதி இதை நேற்று இன்று கவனித்தவள் அல்ல, ஐம்பத்தாறாம் வருஷத்திலேயே கவனித்தவள். ஆகவே நாற்பது பேருக்கும் பதில் சொல்லுகிறவள், புஷ்பவள்ளிக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். நெஞ்சில் பொறாமை எரிந்தது. அதை மூடி மறைக்க அவளும் முயன்றதில்லை.

அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் முருகையா அவளை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் மாமியார் முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட வெட்கப்பட்டு ‘ஏ இந்தா’ என்று ஆரம்பித்தவர், மாமியார் போன பிறகும் ‘ஏ இந்தா’விலேயே நின்றுவிட்டார். விடியற்காலையில் நாற்பது பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாய் அது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பேருக்கு வழியில்லாமல் போயிற்று. 

பெரட்டிலாவது கூப்பிட்டிருப்பார், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி துரைசிங்கம் குறுக்கே விழாமல் இருந்திருந்தால். லீலாவதி வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த யாழ்ப்பாணத்து மனிதர் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொல்லிவிட்டார்: “மண்டோர், உம்மட மனுசியை உம்மட பெரட்டிலை போடேலாது. நாளைக்குக் கதை வரும்.” அவளைப் புல் வெட்டும் ஆட்களோடு சேர்த்து நாராயணசாமி மண்டோரின் கீழ் போட்டார்கள். கட்டிய புருஷன் கூப்பிடாத பேரை, மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கடைத்துப்போன நாராயணசாமி இருபத்திரண்டு வருஷம் கூப்பிட்டார். இருபது அடி தள்ளி அதே களத்தில் புருஷன் நின்று மற்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி அழைப்பதைக் கேட்டுக்கொண்டே, அவள் மூக்கடைப்புக் குரலுக்குப் பதில் சொன்னாள். மற்ற பெண்கள் மேலெல்லாம் பொறாமைதான். புஷ்பவள்ளி மேல் அது தனிப் பொறாமை.

இப்போது அவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொலைத்துக்கொண்டிருந்தார். முழுசாகத் தொலைப்பதற்குள் ஒரே ஒரு தடவை அந்த வாயால் ‘லீலாவதி’ என்று கேட்டுவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். அவரோ அவளை யாரோ வீட்டுக்காரம்மா என்று நினைத்து, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா,” என்று மரியாதையாகக் கேட்டார். திட்டினாலும் பொறுத்திருப்பாள், அந்த மரியாதையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பிடிவாதக்காரர்கள் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பின்வாசலைப் பார்த்தால் போதும். புஷ்பவள்ளி பதில் சொல்லாமல் முருகையா பெரட்டை முடிக்க மாட்டார். பெரட்டை முடிக்காமல் கோப்பி குடிக்க மாட்டார், ரொட்டியைத் தொட மாட்டார்.

“புஷ்பவள்ளி.”

“வரல,” என்பாள் லீலாவதி.

“வரும். இருங்க.”

“செத்துப் போச்சு.”

“சும்மா சொல்லாதீங்க. நேத்துக்கூட பாத்தேன்.”

கோப்பி ஆறும். ஈ மொய்க்கும். அலுத்துப்போய் மத்தியானத்துக்கு மேல்தான் ஒரு வாய் சாப்பிடுவார். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த திலகத்துக்கு இது பொறுக்கவில்லை. பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவள், வாய்த்துடுக்கு. “வந்துட்டேங்க மண்டோரே,” என்று இழுத்துச் சொல்லிவிட்டாள். முருகையாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கோடு போட்டார், கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார், இரண்டாவது ரொட்டி கேட்டார். லீலாவதி திலகத்தோடு மூன்று நாள் பேசவில்லை.

நாலாம் நாள் திலகமே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என்னாலா அக்கா, கோவமா? ஒங்க வீட்டுக்காரர நான் தூக்கிட்டுப் போயி என்னா செய்யப் போறேன்? எங்க வீட்ல ஒன்னு படுத்துக் கெடக்கு, அதுக்கே எடம் பத்தல.”

லீலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த நாளிலிருந்து கம்பியில் பெரிய போர்வையாகப் பார்த்து உலரப் போட்டு, வேலியை மறைத்துவிட்டாள்.

அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது நோட்டை எடுத்து, புஷ்பவள்ளியின் பேருக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘லீலாவதி’ என்று எழுதி வைத்தாள். மறுநாள் காலை தலையெல்லாம் வாரி, படிக்குக் கீழே வந்து நின்றாள். முருகையா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியில் வெகுநேரம் நின்றார். உதடு அசைந்தது.

“இது யாரு எழுதுனது?” என்றார். “இது நம்ம ஆளு இல்ல. நாராயணசாமி பெரட்டு. கிராணி பாத்தா என்னைத்தான் ஏசுவாரு.”

பென்சிலை எடுத்துக் கோடு கிழித்து அடித்தார். ஒரு அடி போதாதென்று இரண்டு அடி. பேரை நினைவு வைத்திருந்தார், அதை வாயால் சொல்லாமலே அடித்தும் விட்டார். லீலாவதி உள்ளே போய் அவர் கோப்பியில் சீனி போடாமல் கலக்கினாள். அன்றைக்கு அவர் அதைத் தொடவே இல்லை, ஆகவே அந்தப் பழியும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்திரிகா வந்தாள். ரவாங்கில் தொழிற்சாலை வேலை, அங்கேயே தோழிகளோடு தங்கியிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை. “ம்மா, நீ எங்கயாச்சும் போயிட்டு வா. கொஞ்சம் ரெஸ்ட் எடு. இன்னிக்கி அப்பாவ நான் பாத்துக்கறேன்.”

“எங்க போறது?”

“கோயிலுக்குப் போ. சும்மா பஸ்ல ஏறி ரவுண்டடி. என்னமோ செய்யி.”

லீலாவதி கோயிலுக்கென்றுதான் புடவை மாற்றினாள். பஸ் ஸ்டாண்டில் நின்றதும் கால் வேறு பஸ்ஸில் ஏறியது. புஷ்பவள்ளி இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள் என்று ஒரு சாவு வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். வழி நெடுக அவளிடம் என்ன கேட்பது என்று வசனம் தயார் செய்துகொண்டு போனாள். நல்ல சூடான வசனங்கள்.

போய்ப் பார்த்தால், வாசலில் உட்கார்ந்து ஒரு கிழவி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். மேல் வரிசையில் பல்லே இல்லை, காலில் யானைக்கால் மாதிரி வீக்கம். வசனமெல்லாம் லீலாவதிக்கு மறந்துபோயிற்று.

“யாரு, மண்டோர் பொஞ்சாதியா? வா வா. பசியாறுனியா?” என்றாள் புஷ்பவள்ளி.

லீலாவதி உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெரட்டு, நோட்டு, ஆறிப்போகும் கோப்பி. கடைசியில் கேட்டேவிட்டாள்: “நெசத்த சொல்லு. அந்தக் காலத்துல என்னா நடந்துச்சு?”

புஷ்பவள்ளி தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “ஒன்னும் நடக்கல. ஆனா ஒம் புருஷன் பாப்பாரு. ரெண்டு வருஷம் பாத்தாரு. நல்ல பால் மரமா பாத்து எனக்கு நெரை குடுப்பாரு. நான் திரும்பிப் பாக்கல. எனக்கு அந்த ஆளு மூஞ்சி புடிக்கல, நீ கோவிச்சிக்காத.”

லீலாவதிக்குக் கோபம் வந்தது. பார்த்தார் என்பதற்கு ஒரு கோபம். தன் புருஷன் முகம் இவளுக்குப் பிடிக்கவில்லையாம் என்பதற்கு இன்னொரு கோபம். எதற்கு முதலில் கோபப்படுவது என்று தெரியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புஷ்பவள்ளியும் பொக்கை வாயால் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று லீலாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் போயும் போயும் இவளோடு.

“அவ்ளோதானே, நான் வந்து ஒரு வார்த்த ‘வந்துட்டேங்க’ன்னு சொல்லிட்டுப் போறேன். மனுசன் கோப்பி குடிக்கட்டும்,” என்று புஷ்பவள்ளி அன்று சாயங்காலமே பஸ்ஸில் கூட வந்துவிட்டாள். சந்திரிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரவாங்குக்குப் புறப்பட்டாள்.

திங்கட்கிழமை காலை புஷ்பவள்ளி பழைய வழக்கப்படி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாழை மரத்தடியில் நின்றாள். லீலாவதி அடுப்படி ஜன்னல் வழியே பார்த்தாள். அந்தக் கிழவியைப் பார்த்து அவர் முகம் மலர்ந்துவிட்டால் தன்னால் தாங்க முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“புஷ்பவள்ளி,” என்றார் முருகையா, குரலை இறக்கி.

“வந்துட்டேங்க மண்டோரே.”

முருகையா அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க யாரும்மா? அதோட ஆயாவா?”

“நாந்தாங்க புஷ்பவள்ளி.”

“இந்த வேலையெல்லாம் நம்மகிட்ட வேணாம். அது வரலன்னா வரலன்னு சொல்லுங்க. பேரு குடுக்குறதுக்கு வேற ஆள அனுப்பக் கூடாது. இந்த வயசுல ஒங்களையும் அனுப்பி வெச்சிருக்கு பாருங்க.”

லீலாவதி ஜன்னலுக்குக் கீழே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புஷ்பவள்ளி உள்ளே வந்து துண்டை அவிழ்த்து உதறி, “ஒம் புருஷனுக்குக் கண்ணும் போச்சு,” என்று சொல்ல, இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். லீலாவதிக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய சந்தோஷம் அந்த ஒரு காலையில் கிடைத்துவிட்டது. எட்டு மணி பஸ்ஸில் புஷ்பவள்ளியை ஏற்றிவிட்டு வரும்போது, நடை சற்று நிமிர்ந்தும் இருந்தது.

ஆனால் முருகையா அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. மத்தியானச் சோற்றையும் ஒதுக்கினார். பெரட்டு முடியவில்லை, பொய்யாள் வந்து குழப்பிவிட்டாள் என்று அவருக்கு ஒரே உளைச்சல். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. இரண்டு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். புதன்கிழமை காலை அவரால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் படியில் நிற்க முடிந்தது. மற்ற பேர்களை விட்டுவிட்டு நேரே அதற்கே வந்துவிட்டார்.

“புஷ்பவள்ளி.”

லீலாவதி அடுப்படியில் நின்றாள். பதில் சொல்லாவிட்டால் இவர் படுத்துவிடுவார். சொல்லிவிட்டால் இவளுக்கென்று மிச்சம் ஒன்றுமில்லை. முப்பத்து நாலு வருஷ ரோஷத்தை இந்த வயதில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்கு அழுகை வந்தது.

“புஷ்பவள்ளி,” என்றார் மறுபடியும்.

லீலாவதி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். வாழை மரத்தடியில் நின்று, “வந்துட்டேங்க,” என்றாள். குரல் மாற்றவில்லை. அவளுடைய சொந்தக் குரல்தான்.

முருகையா நிமிர்ந்து பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து அவளுக்கு நினைவில்லை. அவளை என்றைக்குமே அவர் அப்படிப் பார்த்ததில்லை.

“ஏன் இவ்ளோ லேட்டு? ஒடம்பு சரியில்லையா?”

“ஆமாங்க.”

“சரி, உக்காரு. இன்னிக்கி வெட்டுக்குப் போக வேணாம். பேரு போட்டுடறேன்.”

கோடு போட்டார். படியில் உட்கார்ந்து கோப்பியைக் குடித்தார். ரொட்டியைப் பிட்டுப் பாதியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வேறொருத்திக்கு வந்த ரொட்டி அது, தெரிந்துதான் தின்றாள். ஆனாலும் விடிகிற நேரத்தில் அடுப்புக்கும் துணிக்கும் ஓடாமல் சும்மா உட்கார்ந்து ரொட்டி தின்பது எவ்வளவு நன்றாயிருக்கிறது என்றும் தோன்றியது. அதற்காக அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ரொட்டி முடிந்ததும் முருகையா கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“வீட்டுக்கு. லீலாவதி காத்துக்கிட்டு இருக்கும்.”

லீலாவதியால் அசைய முடியவில்லை. வந்தது வந்தது, கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் அது அவளைக் கூப்பிட்ட கூப்பாடு அல்ல. இன்னொருத்தியிடம் பேச்சுவாக்கில் சொன்னது.

“எந்த லீலாவதி?” என்றாள்.

“வீட்ல இருக்கு. நேரமாச்சின்னா அதுவும் பசியாறாம உக்காந்திருக்கும். கோவம் வேற வரும்.” சொல்லும்போது அவர் சிரித்தார். புஷ்பவள்ளிக்குக்கூட அந்தச் சிரிப்பு இல்லை.

எங்கேயோ ஒரு லயத்து வீட்டில் பசியாறாமல் காத்திருக்கும் அந்த இளம் லீலாவதி மேல் அவளுக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. புஷ்பவள்ளியிடமாவது பஸ் ஏறிப் போய்ச் சண்டை போடலாம்.

அதற்குள் அவர் வீட்டைச் சுற்றி முன்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். லீலாவதி அடுப்படி வழியாக உள்ளே ஓடினாள். தலையிலிருந்த தலைப்பைத் தள்ளிவிட்டு, முன்கதவைத் திறந்துகொண்டு மூச்சு வாங்க நின்றாள். முருகையா மெதுவாக வந்தார். அவளைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

“லீலாவதி இல்லைங்களா?”

“இருக்கா,” என்றாள். “அடுப்படியில வேலையா இருக்கா. உள்ள வந்து உக்காருங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி அடுப்படிப் பக்கம் பார்த்தார். மாமியாருக்கு வெட்கப்பட்டதெல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும். “லீலாவதி,” என்று கூப்பிட்டார்.

அவர் எதிரில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாதே. லீலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டி அடுப்படிக்குள் போனாள். போய், கதவுக்குப் பின்னால் நின்றாள். பதில் மட்டும் சொல்லவில்லை. புஷ்பவள்ளியை எத்தனை தடவை கூப்பிட்டார், நான் மட்டும் ஒரே தடவையில் ஓடிப் போவேனா, இன்னும் ரெண்டு தடவை கூப்பிடட்டும் என்று நின்றாள்.